அஞ்சறைப் பெட்டிக்குப் பாராசூட்: குப்பைப் பையா, குடைத்துணியா, சேலையா, வேட்டியா?

சமூக மன்றத்தின் மேல்மாடத்திலிருந்து அஞ்சறைப் பெட்டியை இறக்க வேண்டும். மூடியை நூலால் கட்டலாம், ஒட்டக் கூடாது. கீழே வந்து திறந்து பார்க்கும்போது கடுகு மஞ்சள் தூளுக்குள் போயிருந்தால் தோல்வி. இப்படி ஒரு போட்டிக்கு உற்சாகமாகப் பெயர் கொடுத்துவிட்டு, எதை வெட்டுவது என்று தெரியாமல் கத்தரிக்கோலும் கையுமாக நிற்கிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: குப்பைப் பை போதுமா, பழைய குடையைப் பிரிக்கலாமா, பீரோவில் சும்மா கிடக்கும் சேலையில் கை வைக்கலாமா?

பதில் பொருளின் எடையைவிட மாடத்தின் உயரத்தைப் பொறுத்தது. அதைத்தான் பெரும்பாலோர் கணக்கில் எடுப்பதில்லை.

## இடம் பற்றி ஒரு வார்த்தை

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுச் சன்னல், தாழ்வாரம், படிக்கட்டு இடுக்கு எதுவும் வேண்டாம். உயரத்திலிருந்து பொருளைக் கீழே போடுவது இங்கே அபராதம், சிறை வரை போகும் குற்றம். வீட்டையே வீவக திரும்ப எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. "பாராசூட் கட்டித்தான் போட்டேன்" என்ற வாதம் எடுபடாது. பள்ளி மண்டபம், சமூக மன்றப் பல்நோக்கு மண்டபம் போன்ற மூடிய இடத்தில், பொறுப்பாளரின் அனுமதியோடு, கீழே எல்லாப் பக்கமும் 3 மீட்டர் தள்ளி நாடா கட்டிவிட்டுச் செய்யுங்கள். 6 மீட்டரிலிருந்து பாராசூட் விரியாமல் விழும் பெட்டி தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 39 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த இடத்தில் யாருடைய தலையும் இருக்கக் கூடாது.

## எதை வைத்து எடைபோடுவது

விரிய எடுக்கும் உயரம். இதுதான் முதல் அளவுகோல். உச்சியைப் பிடித்துப் பாராசூட்டைத் தொங்கவிட்டால், மடங்கிய துணியின் நீளம் விட்டத்தில் பாதி. அதன் கீழே கயிறு. கயிறு குறைந்தது விட்டத்தின் அளவுக்காவது இருக்க வேண்டும், இல்லையென்றால் வாய் முழுதாகத் திறக்காது. ஆக 1.8 மீட்டர் விட்டமுள்ள பாராசூட் கையிலிருந்து 2.7 மீட்டர் கீழே தொங்கும். 6 மீட்டர் மாடத்தில் நின்று பிடித்தால் பெட்டி ஏற்கெனவே பாதி வழி இறங்கிவிட்டது, மிச்சம் 3.3 மீட்டர்தான். அதற்குள் துணி காற்றை வாங்கி விரிந்து, வேகத்தைக் குறைத்து முடிக்க வேண்டும். பெரிதாகத் தைத்தவர்கள் தோற்பது இங்கேதான்.

கயிறு முழுவதையும் மேலேயே சுருட்டி வைத்துப் பெட்டியை மட்டும் தள்ளிவிட்டால் என்ன என்று தோன்றும். அப்படிச் செய்தால் பெட்டி அந்த 2.7 மீட்டரைத் தடையில்லாமல் விழுந்து, நொடிக்கு 7 மீட்டருக்கு மேலான வேகத்தில் கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். குப்பைப் பையின் ஓரம் அந்த இடத்திலேயே கிழியும்.

இறங்கும் வேகம். நம் ஊர் வெப்பக் காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.16 கிலோ என்றும், தட்டையாக வெட்டிய வட்டத் துணியின் இழுவை எண் (காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) 0.75 என்றும் வைத்தால், கணக்கு இப்படிச் சுருங்கும்: துணியின் பரப்பு (சதுர மீட்டர்) = 22.5 × எடை (கிலோ) ÷ வேகத்தின் வர்க்கம். நொடிக்கு 3 மீட்டர் என்பது 46 செ.மீ. உயரத்திலிருந்து கை தவறி விழுவதற்குச் சமம். 4 மீட்டர் என்றால் 82 செ.மீ., அதாவது சமையல் மேடையிலிருந்து விழுவது போல. 5 மீட்டர் என்றால் 1.28 மீட்டர், அலமாரித் தட்டிலிருந்து விழும் அஞ்சறைப் பெட்டி என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

| பொருள் | எடை | 3 மீ./நொடிக்கு விட்டம் | 4 மீ./நொடிக்கு விட்டம் |
|---|---|---|---|
| முட்டை | 60 கிராம் | 44 செ.மீ. | 33 செ.மீ. |
| எவர்சில்வர் டம்ளர் | 120 கிராம் | 62 செ.மீ. | 46 செ.மீ. |
| நிறைந்த அஞ்சறைப் பெட்டி | 1 கிலோ | 178 செ.மீ. | 134 செ.மீ. |
| சம்பல் இடிக்கும் கல்லுரல் | 3 கிலோ | 309 செ.மீ. | 232 செ.மீ. |

எடையில் பாராசூட்டின் எடையையும் சேர்க்க மறக்காதீர்கள். கல்லுரலை ஆசைக்குப் பட்டியலில் வைத்திருக்கிறோம். மண்டபத்தில் முயல வேண்டாம். தரை ஓட்டுக்கு ஈடு கட்ட வேண்டியிருக்கும்.

ஆட்டம். காற்று உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாவிட்டால் ஒரு ஓரம் வழியே பிதுங்கும், பிறகு மறு ஓரம் வழியே. பாராசூட் ஊசலாடும். 1797இல் பாரிஸில் பலூனிலிருந்து பாராசூட்டில் குதித்த கார்னரின் என்ற பிரெஞ்சுக்காரர் கடுமையாக ஆடியபடிதான் தரை சேர்ந்தார். அவருடைய துணியின் உச்சியில் துளை இல்லை. 1 மீட்டர் விட்டத்துக்கு நடுவில் 10 செ.மீ. துளை போடுங்கள். பரப்பில் வெறும் 1 சதவீதம்தான் போகும், ஆட்டம் நன்றாகக் குறையும். சாய்ந்தபடி இறங்கும் பெட்டியில்தான் கடுகு மஞ்சளைத் தேடிப் போகிறது என்பதால், முட்டைக்கு இரண்டாம் பட்சமான இந்த விஷயம் அஞ்சறைப் பெட்டிக்கு முதன்மையானது.

கயிறு பிடிக்கும் முனையின் வலு, செலவு, மறுபடி பயன்படுமா என்பதையெல்லாம் ஒவ்வொன்றிலும் பார்ப்போம்.

## குப்பைப் பை

காற்று துளிகூடக் கசியாது. எடை கிட்டத்தட்ட இல்லை: 20 மைக்ரான் தடிமனுள்ள பை சதுர மீட்டருக்கு 19 கிராம்தான். இலேசானது என்பதால் சட்டென்று விரியும். டம்ளருக்கும் முட்டைக்கும் இதைவிட நல்லது கிடையாது. முட்டைக்கு என்றால் ரோல் வாங்கவே வேண்டாம். பேரங்காடியில் 2023 ஜூலையிலிருந்து குறைந்தது 5 காசு கொடுத்து வாங்கும் பையில் ஒன்றைப் பிரித்தால் 44 செ.மீ. வட்டம் கிடைத்துவிடும்.

பையில் இரண்டு ரகம். கையில் பிடித்தால் சரசரவென்று சத்தம் போடுவது ஒன்று. மெத்தென்று, இழுத்தால் நீள்வது இன்னொன்று. சரசரப் பை மெல்லியது, விரைவாக விரியும், ஆனால் ஒரு திசையில் சிறு கீறல் விழுந்தால் கடைசி வரை கிழிந்துகொண்டே போகும். அரை கிலோவுக்கு மேல் போனால் மெத்தென்ற பைதான். 90 × 120 செ.மீ. பையைப் பக்கவாட்டிலும் அடியிலும் வெட்டி விரித்தால் 180 × 120 கிடைக்கும். அதில் 120 செ.மீ. எண்கோணம் ஒன்று வெட்டலாம். 1 கிலோ பெட்டியை அது நொடிக்கு 4.3 மீட்டர் வேகத்தில் இறக்கும்.

எல்லாரும் செய்யும் தவறு ஓரத்தில் ஓட்டை போட்டு நூல் கோப்பது. டேப் ஒட்டி ஓட்டை போட்டாலும், ஈரக்காற்றில் டேப் இளகி நூல் அறுத்துக்கொண்டு வரும். ஓட்டையே வேண்டாம். எண்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும், ஓரத்திலிருந்து 3 செ.மீ. உள்ளே, ஒரு கொண்டைக்கடலையை வையுங்கள். பிளாஸ்டிக்கை அதன்மேல் சுற்றிச் சின்ன முடிச்சாகப் பிடித்து, கழுத்தில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். இழுக்க இழுக்கக் கடலை நூலை இன்னும் பிடிக்கும். பிளாஸ்டிக்கில் கீறலே இல்லை. பாசிப்பயறு சிறியது, நழுவும். ஊறவைத்த கடலை வேண்டவே வேண்டாம், அது காய்ந்து சுருங்கியதும் முடிச்சு தளர்ந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு: ஏசி ஓடும் மண்டபத்தில் பையின் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் விரியாது. போடுவதற்குச் சற்று முன் இரு கைகளால் விசிறிப் பிரித்துவிடுங்கள். முகப்பவுடர் தூவலாம் என்பார்கள். தூவலாம்தான், ஆனால் மண்டபத் தரை வழுக்கும். இரண்டு பைகளை டேப்பால் இணைத்து 1.8 மீட்டர் செய்யும் யோசனையும் வரும். இணைப்புக் கோடு விறைத்து நின்று துணி அந்த இடத்தில் மடங்கிக்கொள்ளும், பாதிதான் விரியும்.

## குடைத்துணி

சுமத்ரா காற்று அடித்து ஓய்ந்த காலையில் பேருந்து நிறுத்தக் குப்பைத்தொட்டிகளைப் பாருங்கள். கம்பி உடைந்த குடைகள் கிடக்கும். கம்பிதான் போயிருக்கும், துணி நன்றாக இருக்கும். பாராசூட்டுக்கு வேண்டிய எல்லா வேலையையும் குடைத் தையல்காரர் ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறார்: எட்டுத் துண்டுகள் சேர்ந்து குவிந்த வடிவம், மடித்துத் தைத்த ஓரம், எட்டு முனையிலும் வலுவான தையல், நடுவில் தண்டு நுழையும் துளை. நீர் ஒட்டாத பூச்சு இருப்பதால் காற்றும் எளிதில் கசியாது.

1783இல் பிரான்சின் மோன்பெலியேயில் லெனார்மான் என்பவர் இரண்டு குடைகளைப் பிடித்துக்கொண்டு மரத்திலிருந்து குதித்துத்தான் தன் பாராசூட் சோதனையைத் தொடங்கினார். ஆகவே இந்த யோசனைக்கு வயது அதிகம்.

பிரிக்கும் முறை: கம்பிகளின் நுனித் தொப்பிகளைத் துணியோடு சேர்த்து உருவுங்கள். கம்பிகளின் நடுவில் துணியைப் பிடித்திருக்கும் நூல் முடிச்சுகளைச் சிறு கத்தரியால் நறுக்குங்கள். உச்சிக் குமிழைத் திருகிக் கழற்றினால் துணி தனியே வரும். நுனித் தொப்பிகளைத் தூக்கி எறியாதீர்கள் என்று சிலர் சொல்வார்கள்; எறியுங்கள். எட்டுத் தொப்பிகள் காற்றில் ஒன்றோடொன்று மோதிக் கயிற்றைச் சிக்கலாக்கும். நடுத்துளை 1 அல்லது 2 செ.மீ.தான் இருக்கும், அதை 8 செ.மீ. ஆக்கி, ஓரத்தை மெழுகுவத்திச் சுடரில் இலேசாகக் காட்டினால் இழை பிரியாது. அதிகம் காட்டினால் துளை உங்கள் விருப்பத்தைக் கேட்காமல் வளரும்.

வெட்டும் முன் இன்னொரு சோதனை: மடிப்புக் கோட்டின் இரு பக்கமும் பிடித்து ஓங்கி இழுங்கள். பல வருடம் வெயில் வாங்கிய துணி அங்கேயே சத்தமில்லாமல் பிரியும். உட்புற வெள்ளிப் பூச்சு பொடியாக உதிர்ந்தாலும் வேறு குடை பாருங்கள்.

இதன் குறை அளவு. சாதாரண மடக்குக் குடை விரித்தால் 1 மீட்டர். ஓரம் கம்பிக்குக் கம்பி உள்வாங்கியிருப்பதால் பரப்பு 0.75 சதுர மீட்டருக்கு மேல் தேறாது. 1 கிலோ பெட்டியைக் கட்டினால் வேகம் 5.5 மீட்டர். கடுகு நிச்சயமாகப் பறக்கும். வழி இரண்டு. ஒன்று, 1.3 மீட்டர் விட்டமுள்ள கோல்ஃப் குடை. வேகம் 4 மீட்டர் சொச்சத்துக்கு இறங்கும். ஆனால் உடைந்த கோல்ஃப் குடை அவ்வளவு எளிதில் கிடைக்காது, புதிதாக வாங்கி வெட்ட மனம் வராது.

இரண்டாவது வழி, இரண்டு சின்னக் குடைகளைச் சேர்த்துக் கட்டுவது. எங்கள் தேர்வு இதுதான். மொத்தப் பரப்பு 1.5 சதுர மீட்டர், வேகம் 3.9. முக்கியமான லாபம் உயரத்தில்: துணி அரை மீட்டர், கயிறு 1.2 மீட்டர், கயிறுகள் சேரும் வளையத்திலிருந்து பெட்டிக்கு 30 செ.மீ., ஆக 2 மீட்டர்தான் தொங்கும். 6 மீட்டரில் 4 மீட்டர் மிஞ்சுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளி நிற்பதால் ஊசலாட்டமும் அடங்கும். ஒன்று சரியாக விரியாவிட்டாலும் மற்றது தாங்கும். 1971இல் அப்போலோ 15 கலம் கடலில் இறங்கும்போது மூன்று பாராசூட்டில் ஒன்று சுருங்கிப்போயும் மூவரும் பத்திரமாக வந்தார்கள்.

இரட்டைக் குடையில் மறைந்திருக்கும் சிக்கல், இரண்டையும் ஒரே நொடியில் விடுவது. வலது கையும் இடது கையும் ஒருபோதும் ஒன்றாகத் திறக்காது. இரு உச்சித் துளைகளின் குறுக்கே நூல் கட்டி, அந்த இரண்டு நூலுக்குள்ளும் ஒரே நூலைக் கோத்து, ஒரு நீட்டுக் குச்சியில் தொங்கவிடுங்கள். கோத்த நூலைக் கத்தரித்தால் இரண்டும் சேர்ந்து புறப்படும்.

குடையைப் பிரிக்காமல் அப்படியே விரித்து, கைப்பிடியில் பெட்டியைக் கட்டி விட்டால்? விரியும் சிக்கலே இல்லை என்பது உண்மை. ஆனால் கம்பியின் எடை சேரும், விதி பெரும்பாலும் இடம் தராது, கவிழ்ந்தால் எட்டுக் கம்பி நுனிகள் கண் உயரத்தில் வரும். வேண்டாம்.

## சேலை

பட்டுச் சேலை பற்றிப் பேச்சே இல்லை. சரிகையின் எடை ஒரு பக்கம், வீட்டில் நடக்கப்போவது இன்னொரு பக்கம்.

சிந்தெட்டிக் சேலை 5.5 மீட்டர் நீளம் என்றாலும் அகலம் 1.1 மீட்டர் சொச்சம்தான். தைக்காமல் எடுக்கக்கூடியது அந்த அகலத்தில் ஒரு சதுரம். ஜார்ஜெட், ஷிஃபான் துணிகளை வாயில் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் தாராளமாக வரும். அதே கசிவு பாராசூட்டின் பிடியைக் குறைக்கும். மேலே சொன்ன கணக்கைவிட வேகமாகவே இறங்கும். விரிவதும் தாமதம், ஏனென்றால் துணி குழைவானது, வாய் தானாகத் திறப்பதில்லை.

நல்லது ஒன்று உண்டு: கசியும் துணி ஆடாது. நடுத்துளைகூடத் தேவையில்லை. டம்ளர் மாதிரி இலேசான பொருள், உயரம் தாராளம், படம் அழகாக வர வேண்டும் என்றால் சேலைக்கு ஈடில்லை. முந்தானைப் பக்கம் வெட்டாதீர்கள். அங்கே வேலைப்பாடு கனம், ஒரு பக்கம் இழுத்து நடுவர் மேசையை நோக்கிப் பறக்கும்.

## வேட்டி

நாலு முழப் பருத்தி வேட்டியில் 1.25 மீட்டர் சதுரம் கிடைக்கும். துணி சதுர மீட்டருக்கு 90 கிராம் வாக்கில் இருந்தால், பாராசூட் மட்டுமே 140 கிராம். ஒரு டம்ளரைவிடக் கனம். கஞ்சி போட்டால் துளைகள் ஓரளவு அடைபடும், ஆனால் நம் ஈரக்காற்றில் கஞ்சி மத்தியானத்துக்குள் தளர்ந்துவிடும். கரைப் பக்கம் மட்டும் கயிறு கட்ட உறுதியாக இருக்கும். வேட்டியின் ஒரே வெற்றி, ஒருவர் அதை உடுத்திக்கொண்டு பாராசூட்டை விடுவது.

## கயிறும் கட்டும்

துணி எதுவானாலும் எட்டுக் கயிறு. லிட்டில் இந்தியாவின் பஃபலோ ரோடு பூக்கடைகளில் மாலை கட்டும் பருத்தி நூலை முறுக்கி இரட்டையாக்கினால் டம்ளருக்குப் போதும். பெட்டிக்கு மெல்லிய நைலான் கயிறு. பழைய நாளிதழ் கட்டும் ராஃபியா மலிவுதான், ஆனால் பிரிந்து பிரிந்து பக்கத்துக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். தூண்டில் நரம்பில் முடிச்சு நிற்காது.

எட்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். ஒன்று 2 செ.மீ. குறைந்தாலே பாராசூட் அந்தப் பக்கம் சாய்ந்து நழுவும். ஒவ்வொன்றாக அளக்காமல், பலகையில் இரண்டு ஆணி அடித்து அவற்றைச் சுற்றி மொத்தமாகச் சுற்றி, ஒரே வெட்டாக வெட்டுங்கள். எட்டையும் ஒரு சாவி வளையத்தில் சேர்த்து, வளையத்துக்கும் பெட்டிக்கும் நடுவே மீன்பிடிக் கடையில் கிடைக்கும் சுழல்கொக்கி ஒன்றை மாட்டினால், பெட்டி சுழன்றாலும் கயிறு முறுக்கிக்கொள்ளாது.

பெட்டியின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டி மேலே கொண்டுவந்து, தொங்கவிட்டுப் பாருங்கள். செல்பேசியின் மட்டம் காட்டும் செயலியை மூடிமேல் வைத்தால் சாய்வு தெரியும். ஏழு கிண்ணப் பெட்டி என்றால் கனமான கடுகோ உளுந்தோ நடுக்கிண்ணத்தில், ஓரத்தில் எதிரெதிரே ஒரே எடை. சமையலறையில் யாரும் இப்படி அடுக்குவதில்லை; இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடியில் மெத்தை வைக்க விதி இடம் கொடுத்தால், நெளி அட்டையை மூன்று செ.மீ. கனத்துக்கு அடுக்குங்கள். நொடிக்கு 4 மீட்டரில் வரும் பெட்டி 1 செ.மீ.க்குள் நின்றால் புவியீர்ப்பைப் போல 80 மடங்கு அதிர்ச்சி, 3 செ.மீ.க்குள் நின்றால் 27 மடங்கு. பஞ்சோ ஸ்பாஞ்சோ வேண்டாம், அவை பெட்டியைத் திருப்பி மேலே எறியும். அட்டை நசுங்கி அப்படியே படுத்துவிடும்.

## சோதிக்கும்போது

முதல் சில தடவை மசாலா வேண்டாம். காலிப் பெட்டியில் மொத்தம் 1 கிலோ வரும்படி அரிசிப் பொட்டலம் வைத்து விடுங்கள். மஞ்சள் தூள் மண்டபத் தரையில் சிந்தினால் முன்பணம் திரும்ப வராமல் போகலாம்.

வேகத்தை அளக்க, சுவரில் தரையிலிருந்து 1 மீட்டரில் நாடா ஒட்டி, செல்பேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவான காணொளியாகப் பிடியுங்கள். அந்த 1 மீட்டரைக் கடக்க 80 படம் ஆனால் வேகம் 3, 60 ஆனால் 4, 48 ஆனால் 5. எண்ணிக்கை 55க்குக் கீழே இருந்தால் துணியைப் பெரிதாக்கும் முன், காணொளியின் தொடக்கத்தைப் பாருங்கள்: துணி எத்தனை மீட்டர் விழுந்த பிறகு முழுதாக விரிந்தது? தரைக்கு 1 மீட்டர் மேலேதான் விரிந்தது என்றால், பெரிதாக்குவது நிலைமையை மோசமாக்கும். வாயைத் திறந்து வைக்கும் வழியைத் தேடுங்கள். ஓரத்தின் மடிப்புக்குள் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றை வளையமாக நுழைப்பது குப்பைப் பைக்கு நன்றாகப் பலிக்கும். குடைத்துணிக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

மண்டபங்களில் கூரையில் சுழலும் ராட்சத மின்விசிறிகளை நிறுத்தச் சொல்ல மறந்துவிடுவார்கள். நிறுத்திய பிறகும் இறக்கை கொஞ்ச நேரம் சுற்றும். அது நின்ற பிறகே நூலைக் கத்தரியுங்கள். இடத்தைப் பதிவு செய்யும்போதே அந்தச் சுவிட்ச் யாரிடம் இருக்கிறது என்று கேட்டுவையுங்கள்.